வால் முளைத்த இரத்தம்

கணவனை இழந்த பெண்ணொருத்தி ஒன்பது ஆண்டுகள் அழுதாள். ஊர் அதை இயல்பு என்றது. பத்தாம் ஆண்டில் அவள் சிரித்தாள். ஊர் அதை நோய் என்றது.

யுஸ்னிமாரின் வாழ்க்கை சென்ற வாரம் வந்து நின்ற இடம் அதுதான். பாயாகும்பு நகரத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில், தன் அறுபத்தாறாம் வயதில், குடும்பத்தைக் கூட்டி வைத்து அவள் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைத்தாள். பழைய பஸ் ஓட்டுநர் கஹாரைத் தனக்குக் கேட்டு வர வேண்டும். பெண் வீட்டார் வெற்றிலைத் தாம்பாளம் ஏந்திச் சென்று மாப்பிள்ளை கேட்பது மினாங்கபாவ் மண்ணின் பழைய வழக்கம். இருபது வயதுக்காரிக்குத் தூக்கிய தாம்பாளம் அறுபத்தாறுக்கு மட்டும் கனத்துப் போனது.

அதைத் தடுத்தவர் அவளுடைய தம்பி இஸ்ரில். குலத்தின் தலைவர், ஊரார் வாயில் 'டத்துக்'. அவர் வாக்கில்லாமல் தாம்பாளம் படி இறங்காது. "அக்காவுக்குப் புத்தி மங்கிவிட்டது" என்று அவர் தீர்ப்பளித்தார். சான்று எங்கே என்று கேட்டபோது இரண்டு சான்றுகளை நீட்டினார். சந்தைக்கு மோட்டார் வண்டியில் சென்றவள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தாள் என்பது முதல் சான்று. இரண்டாவதை அவருக்குக் கொடுத்தவள் யுஸ்னிமாரின் சொந்த மகள்.

மகள் டெஸ்மிதா பாடாங் நகரத்து ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றுகிறாள். முதியவர்களின் இரத்த அணுக்களில் மரபிழை எந்த அளவுக்கு அறுந்திருக்கிறது, அதற்கும் நினைவு மங்குவதற்கும் உறவு உண்டா என்று தேடும் ஆய்வு அவளுடையது. ஊர்ப் பெண்களோடு தாயும் சென்று இரத்தம் கொடுத்து வந்தாள். இழை அறுந்த அணு, நுண்ணோக்கியின் கீழே ஒளி வாலொன்றை இழுத்துக்கொண்டு வால்நட்சத்திரம்போல் தோன்றும். தாயின் அணுக்களுக்கு வால் நீளமாயிருந்தது.

மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது; எண் மட்டுமே உண்டு. அந்த எண் யாருடையது என்று தேடிப் பார்த்தது மகளின் முதல் பிழை. கலங்கிப்போய் அதை மாமனிடம் தொலைபேசியில் சொன்னது இரண்டாம் பிழை. மாமனோ அதைக் காப்பிக்கடையில் சொன்னார். அது பிழையன்று, தமுக்கு.

இன்று சனிக்கிழமை. நடுப்பகல் தொழுகை முடிந்ததும் தாம்பாளம் புறப்பட வேண்டும் என்பது யுஸ்னிமாரின் முடிவு. புறப்படாது என்பது இஸ்ரிலின் முடிவு.

"உனி, சொன்னா கேளு. இன்னிக்கு யாரும் எங்கயும் போகல" என்றார் அவர்; 'உனி' என்றால் அங்கே அக்கா. அக்காவின் வீட்டுச் சன்னலோர நாற்காலியில் அமர்ந்து, அக்கா போட்ட காப்பியைக் குடித்தபடி, கிராம்புச் சிகரெட்டின் புகையை அக்காவின் திரைச்சீலைமீதே ஊதிக்கொண்டு அக்காவுக்குத் தடையுத்தரவு பிறப்பித்தார்.

"யாரும் போகலேன்னு யார் சொன்னது? நான் போறேன். வரலேன்னா காப்பியக் குடிச்சிட்டு உன் பொண்டாட்டி வீட்டுக்குப் போ."

"உன் பொண்ணே சொல்லிட்டா. ரத்தத்துல வால் முளைச்சிருக்காம்."

"எனக்கா? சின்ன வயசுல வால் இருக்கறது உனக்குத்தான்னு ஊரே சொல்லும். மரத்து மேலேருந்து உன்னை எறக்கி எறக்கியே என் தோள்பட்டை எறங்கிப்போச்சு."

"விளையாடாதே. காப்பிக்கடை பூரா இதே பேச்சு."

"பேசத்தான் செய்வாங்க. போய்ச் சொன்னவன் நீ. வால்நட்சத்திரமா வந்து சொல்லுச்சு?"

இஸ்ரில் வாயைத் திறந்தார், காப்பியை ஊற்றி அந்த வாயை அடைத்தார்.

"எனக்கு அடுப்புல ரெண்டாங் கறி கெடக்கு" என்று யுஸ்னிமார் எழுந்தாள். "அது அடி பிடிச்சா, அதுக்கும் என் மூளைதான் காரணம்னு சொல்லிடுவே." இஸ்ரில் எழுந்து காப்பிக்கடைக்கு நடந்தார்.

பாடாங்கிலிருந்து வந்த வாடகை வண்டி வாசலில் நின்றது, டெஸ்மிதா இறங்கினாள். வழி நெடுக மன்னிப்புரையை ஒத்திகை பார்த்து வந்தவள், தாயின் முகத்தைக் கண்டதும் குனிந்து தாயின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"வந்தியா? உங்க மாமா என் ரத்தத்த ஊருக்கே பரிமாறிட்டான். எனக்கு மட்டும் ஒரு பருக்கை வைக்கல" என்றாள் யுஸ்னிமார்.

"அமாக், நான்..."

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல வெளக்கு. என் ரத்தம், என் காது. நடுவுல எவனும் வேண்டாம்."

பின்கட்டு அடுப்படியில் தாய் நின்று கிண்ட, மகள் நின்று விளக்கினாள்.

"ஒரு நூல்கண்டுன்னு வச்சுக்கங்க. அணுவுக்குள்ள சுத்தி வச்சிருக்கு. நூல் முழுசா இருந்தா, நாங்க மின்சாரம் வச்சு இழுத்தாலும் எடத்த விட்டு நகராது. அறுந்த நூலா இருந்தா வெளிய வழியும். அந்த வழிசல்தான் வால்."

"அறுந்தது அறுந்ததுதானா?"

"இல்ல. அணு தானே முடிச்சுப் போட்டுக்கும். எல்லாருக்கும் தெனம் அறுபடும், தெனம் முடிச்சு விழும். முடிச்சு விழறதவிட அறுபடறது அதிகமானா வால் நீளம்."

"வால் நீண்டா மூளை மங்கும்?"

"மங்கினவங்களக் கூட்டமா எடுத்துப் பாத்தா அப்படி நெறையப் பேருக்கு இருக்குது. கூட்டத்துக்குச் சொல்லலாம். தனியா ஒருத்தரக் காட்டி இவங்களுக்கு இப்படி ஆகும்னு சொல்ல முடியாது."

யுஸ்னிமாரின் கரண்டி நின்றது.

"அப்ப ஒருத்தியப் பத்தி ஏன்டி சொன்னே?"

"பயந்துட்டேன், அமாக்" என்றாள் டெஸ்மிதா.

"பயந்தா என்கிட்ட வரணும். மாமன்கிட்டப் போனா பயம் குட்டி போடும்." தாய் கரண்டியை மகளின் கையில் திணித்தாள். "பிடி. நான் உடுப்பு எடுத்து வைக்கணும். கை நிறுத்தாம கிண்டு. நிறுத்தினே, படிச்ச படிப்பெல்லாம் அடி பிடிச்சுப் போகும்."

அகன்ற இரும்புச் சட்டி. அதன் கீழே காய்ந்த தென்னமட்டையும் ஈர விறகும். தேங்காய்ப்பால் கருத்து எண்ணெய் பிரியத் தொடங்கும் வேளை. அந்த வேளையில்தான் நெருப்பு அடங்கி எரிய வேண்டும். அடங்கி எரியும் நெருப்புத்தான் அடங்காமல் புகையும். டெஸ்மிதா சில சுற்றுக் கிண்டுவதற்குள் கண்கள் கொட்டின. மேலும் சில சுற்றில் தொண்டை கரகரத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமிக்கொண்டே கிண்டினாள்.

இருமல் பாதியில் நின்றது. கரண்டியும் நின்றது.

"அமாக்! ரத்தம் குடுக்க வந்தீங்களே, அந்த வாரம் இங்க என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"என்ன செய்வேன்? சும்மாதான் இருந்தேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "கிண்டு, கிண்டு! சத்தம் நின்னு போச்சு பாரு!"

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. மர்லிஸ் வீட்டுக் கல்யாணத்துக்கு ரெண்டாங் கிண்டிட்டிருந்தோம்."

"எத்தன சட்டி?"

"யார் எண்ணினா? ரெண்டு எருமை வெட்டினாங்க. அடுப்பு அணையாம நாள் கணக்கா ஓடிச்சு. உன் ஆய்வுக்கூடத்து வேன் வந்து நின்னப்ப, கரண்டியப் போட்டுட்டு அப்படியே ஏறிட்டோம். ஊசி குத்தின பொண்ணு, 'அம்மா, உங்க முக்காட்டு வாசனைக்கே எனக்குப் பசிக்குது'ன்னு சொன்னா."

"நான் கேட்டேனே, புகைப் பழக்கம் உண்டான்னு!"

"கேட்டே. உங்க மாமா மாதிரி நான் என்ன சிகரெட்டா பிடிக்கறேன்? இல்லேன்னேன்."

"வேலை என்னன்னு கேட்டேன்."

"வீட்டுல இருக்கறவளுக்கு வேலை ஏதுடி? அதுக்கும் இல்லேன்னேன்."

கேளுங்கள், இந்த ஆய்வின் சிறப்பை! எல்லாரும் ஊர் திரும்பியிருக்கும் காலம் என்று நோன்புப் பெருநாளை அடுத்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் திரும்புவோர் கூடும் அந்த மாதத்தில்தான் திருமணங்களும் கூடும் என்பதை அறிந்தவர்கள். அந்தத் திருமணங்களுக்குச் சென்று இரண்டாம் முறையும் தட்டை நீட்டியவர்கள். ரெண்டாங் இனிது என்றார்கள். கிண்டியவள் யார் என்று கேட்டார்களில்லை. புகைப்பவனைக் கணக்கில் கொண்டார்கள். புகையில் நிற்பவளைக் கணக்கில் கொள்ளவில்லை. அவன் ஊதும் ஒரு முழம் புகைக்கு ஆய்வில் இடமுண்டு. அவள் நாள் முழுதும் விழுங்கும் புகைக்குப் பெயர் 'சும்மா'.

அந்த வேனில் வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் வால் நீளமாயிருந்ததை டெஸ்மிதா இப்போது நினைத்துப் பார்த்தாள். புதிய உண்மையைக் கண்டுவிட்டதாக அன்று துள்ளிய நெஞ்சு, இன்று வெட்கத்தால் சிவந்து, அந்த வெட்கத்தின் நடுவிலேயே சிரித்துவிட்டது. கண்ணீரும் சிரிப்புமாக அவள் நின்ற கோலத்தைப் பார்க்க யுஸ்னிமார் ஓடி வந்தாள்.

"என்னாச்சு? சூடு பட்டுதா?"

"இல்ல. வால் உங்களோடது இல்ல, அமாக். புகையோடது. விறகுப் புகையும் நூலை அறுக்கும். நாங்கதான் அதக் கேக்காம விட்டோம். மறதிய ஆராய வந்து, பெத்தவளோட அடுப்ப மறந்துட்டோம்!"

யுஸ்னிமார் சற்றே யோசித்தாள். "அப்ப என் மூளைக்கு ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுப்பியா?"

"அதுவும் முடியாது. இந்த வால வச்சு எதையுமே சொல்ல முடியாதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். கொஞ்ச வாரம் புகை படாம இருந்துட்டு மறுபடி பாக்கணும்."

"அதுவரைக்கும் கல்யாணத்த நிறுத்தணுமா?"

"எதுக்கு நிறுத்தணும்?"

"நல்லவேளை சொன்னே. இல்லேன்னா அந்தக் கரண்டி உன் முதுகுலதான்."

"ஒண்ணே ஒண்ணு, அமாக். சந்தையில வண்டிய விட்டுட்டு வந்தது?"

அறுபத்தாறு வயதுக் கன்னங்கள் அடுப்பின் உதவியின்றியே சிவந்தன. "கஹாரோட பேசிட்டே நடந்தேன். நம்ம வாசல்ல வந்து நின்னப்புறம்தான் வண்டி ஞாபகமே வந்துது."

"அவ்வளவு தூரமா?"

"அவ்வளவு பேச்சு."

டெஸ்மிதா கரண்டியைத் தாயிடமே கொடுத்துவிட்டு, புகை மணக்கும் உடுப்போடு தெருவில் இறங்கினாள். பொய் எந்த இடத்தில் விற்கப்பட்டதோ, அந்த இடத்திலேயே அது திரும்பப் பெறப்பட வேண்டும்.

ஊர்க் காப்பிக்கடைக்குள் பெண்கள் வந்து உட்காருவதில்லை. தடையென்று எங்கும் எழுதியில்லை. எழுதாத தடைகளே நெடுநாள் வாழ்கின்றன. அவள் உள்ளே நுழைந்தபோது டோமினோ கட்டைகளின் ஓசை அடங்கியது.

"வாங்க டாக்டரம்மா! இங்க யார் யாருக்கு வால்னு பாக்க வந்தீங்களா?" என்று மூலையிலிருந்து ஒருவர் கேட்டார். "எங்க டத்துக்க முதல்ல பாருங்க. குந்தினா எந்திரிக்க மாட்டேங்கறாரு, வால்தான் மாட்டிக்கிச்சு போல!"

கடை குலுங்கியது. இஸ்ரில் முறைத்தார். "டெஸ், இது பொம்பளைங்க வர்ற எடமில்ல. வீட்டுக்குப் போ."

"என் அம்மாவோட ரத்தம் இங்க வந்து போன வாரம் பூரா உக்காந்திருந்துதே, டத்துக். அது பொம்பள ரத்தம்தானே? அத உள்ள விட்டவங்க என்னையும் விடுவாங்க."

மூலையில் இருந்தவர் மேசையைத் தட்டினார். டெஸ்மிதா நடுக்கடையில் நிமிர்ந்து நின்றாள்.

"நான் ரெண்டு தப்புப் பண்ணேன். பாக்கக் கூடாதத பாத்தேன், சொல்லக் கூடாதத சொன்னேன். மூணாவதா ஒண்ணு, அத இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். எங்கம்மா ரத்தத்துல இருந்த வால், மர்லிஸ் வீட்டுக் கல்யாண அடுப்போட வால். அந்த ரெண்டாங்க தின்னவங்க கை தூக்குங்க!"

ஒரு கையும் உயரவில்லை. ஆனால் ஒருவரும் இல்லையென்று சொல்லவுமில்லை.

"நீங்க தின்னீங்க. நானும் தின்னேன். அவங்க நூல் அறுந்துச்சு. அறுந்த நூலக் காட்டி அவங்களையே பைத்தியம்னு சொன்னோம்! இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இந்தக் கடையில இப்ப சுத்துதே, இந்தச் சிகரெட்டுப் புகை, அதுவும் அதே வேலையத்தான் செய்யும். வண்டியில ஊசி இருக்கு. யாருக்கு முதல்ல பாக்கட்டும்?"

ஊசி இல்லை. ஆனால் மேசைகளுக்கு அடியில் சிகரெட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இஸ்ரிலின் விரலிடுக்கில் மட்டும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"சரி" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "வால் பொய்யாவே இருக்கட்டும். அறுபத்தாறு வயசுல மாப்ள கேட்டுப் போனா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். கல்யாண வீட்டுல அழுவாங்களாடா?"

எல்லாரும் வாசலை நோக்கித் திரும்பினார்கள். கருஞ்சிவப்புப் பட்டு, பொன்னிழை முக்காடு, முகத்தில் அடுப்புக் கரியைத் துடைத்த தடம், யுஸ்னிமார் நின்றாள். பின்னால் தெருப் பெண்கள். அவர்களில் ஒருத்தியின் தலையில் வெற்றிலைத் தாம்பாளம்.

"நீ அந்தப் புகைக் கதைய விடு, டெஸ்" என்றாள் யுஸ்னிமார். "டேய் இஸ்ரில், அந்த வால் நெசம்னே வச்சுக்குவோம். நாளைக்கே நான் எல்லாத்தையும் மறந்துடுவேன்னு வச்சுக்குவோம். அப்பவும் கேக்கறேன். மறக்கப்போறவளுக்கு ஆசை கூடாதுன்னு எவன் சொன்னது? ஞாபகம் இருக்கறவனுக்கு ஆயுசு பூரா டைம் இருக்கு. மறக்கப்போறவளுக்குத்தானே முதல்ல கட்டி வைக்கணும்? தெளிஞ்சிருக்கற நாள நான் ஏன் சும்மா விடணும்?"

வாதத்தை இழந்த மனிதர், வாதத்திற்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தார்.

"அவன் வந்துட்டா நான் எங்க உக்காருவேன், உனி?"

ஒருவரும் சிரிக்கவில்லை. வீடு பெண்வழியே இறங்கும் ஊர் அது; மனைவியின் வீட்டில் அவர் விருந்தாளி; மகள்களின் வீட்டில் அவர் வந்து போகிறவர்; பிறந்த வீட்டுச் சன்னலோரம் ஒன்றில்தான் அவர் டத்துக். அந்த ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் அந்தக் கேள்வியை எங்கோ ஓரிடத்தில் தமக்குள்ளேயே கேட்டுப் பார்த்தவர்கள்.

யுஸ்னிமார் அருகில் வந்து, தம்பியின் விரலிலிருந்து சிகரெட்டை எடுத்து, அவருடைய காப்பியிலேயே அணைத்தாள்.

"புருஷன்னா அடிமரத்து மேல சாம்பல், ஒரு காத்தடிச்சா போச்சுன்னு நம்ம பெரியவங்களே சொல்லி வச்சிருக்காங்க. அக்கா தம்பிய எந்தக் காத்துடா தூக்கும்? அந்த நாற்காலி உன்னோடது. அவருக்கு வேணும்னா வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்குவார். போய்த் தலைப்பாகையக் கட்டிட்டு வா. வெயில்ல வெத்தல வாடுது."

இஸ்ரில் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். சாலையோரத்தில் நிறுத்தி வைத்து அக்காதான் அதைக் கட்டிவிட்டாள். காப்பிக்கடை முழுதும், அழைக்கப்படாமலே, ஊர்வலத்தின் பின்னால் நடந்தது. ரெண்டாங் சட்டியை ஏற்றிக்கொண்டு குலத்துக்குச் சொந்தமான பஸ், வாடகை ஓட்டுநரோடு, கடைசியாக ஊர்ந்து வந்தது.

கஹார் தன் தங்கை நுர்ஸியாவின் வீட்டில் இருந்தார். மனைவி இறந்தபின் அவள் வீடு அவள் மகள்களுக்கானது; ஓட்டுநர் தன் பெட்டியோடு பிறந்த வீட்டின் ஓரறைக்குத் திரும்பியிருந்தார். தங்கை வாசலில் நின்று வரவேற்றாள். வெற்றிலை மாறியது. இஸ்ரில் எழுந்து, வானத்தைத் தொட்டு வயலைத் தொட்டு முன்னோரைத் தொட்டு, கஹாரை மட்டும் தொடாமல் நெடுநேரம் பேசினார். மறுக்க வந்தவரின் வாக்கு அத்தனை அழகாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

கஹாரோ அந்த உரையைக் கேட்கவில்லை. யுஸ்னிமாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு டெஸ்மிதாவின் பக்கம் திரும்பினார்.

"பாடாங்லேருந்து எப்ப வந்தே, மகளே? ரோடு எப்படி இருக்கு?"

"காலையிலதான் வந்தேன். மேட்டு வளைவுல ஒரே மூடுபனி."

"அந்த வளைவா! அங்க ஹாரன் அடிக்காம திரும்பவே மாட்டேன். ஒருநாள் ஹாரன் கெட்டுப்போச்சு. பஸ்ல இருந்த அத்தன பேரையும் 'ஓ'ன்னு கத்தச் சொல்லித் திருப்பினேன்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

நுர்ஸியா பதிலுரைத்தாள். "எங்க அண்ணன எடுத்துக்கங்க. ஒரே ஒரு நிபந்தனை. திருப்பிக் கொண்டாந்து விடக் கூடாது!"

வீடு அதிர்ந்தது. தட்டுகள் நிறைந்தன, யுஸ்னிமாரின் ரெண்டாங் காலியாயிற்று. "கிண்டினவ யாருன்னு சொல்லிட்டுத் தின்னுங்க!" என்று ஒரு பெண் கூவ, காப்பிக்கடைக்காரர்கள் யுஸ்னிமாரின் பெயரைச் சொல்லிச் சொல்லி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"நாள் குறிக்கணும். அடுத்த வெள்ளிக்கெழமை" என்றாள் யுஸ்னிமார்.

"அடுத்த வெள்ளியா? என்ன அவசரம், உனி?"

"மாப்ள பஸ் ஏறி ஓடிட்டார்னா?"

மீண்டும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும் வேளையில் கஹார் அன்போடு டெஸ்மிதாவின் பக்கம் சாய்ந்தார்.

"பாடாங்லேருந்து எப்ப வந்தே, மகளே? ரோடு எப்படி இருக்கு?"

அதே குரல். அதே புன்னகை. டெஸ்மிதாவின் கையிலிருந்த தேநீர்க் குவளை உதட்டுக்குப் போகாமல் நின்றது. நூற்றுக்கணக்கான முதியவர்களுக்கு எதிரே அமர்ந்து கேள்வி கேட்ட கண்கள் அவளுடையவை; அந்தக் கண்களுக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை.

"காலையில வந்தா. மேட்டு வளைவுல மூடுபனியாம்" என்றாள் யுஸ்னிமார், முந்திக்கொண்டு.

"அந்த வளைவா! அங்க ஹாரன் அடிக்காம திரும்பவே மாட்டேன். ஒருநாள்..."

கதை முழுதும் மறுபடி வந்தது. யுஸ்னிமார் முதன்முறை கேட்பவள்போல் கண்களை விரித்துக் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் முன்னைவிட அதிகமாகச் சிரித்தாள். அதில் நடிப்பு இல்லை என்பதுதான் மகளைத் திகைக்க வைத்தது.

டெஸ்மிதா தாயைக் கையைப் பிடித்து வெளிப்படிக்கு அழைத்து வந்தாள்.

"அமாக், அவர்..."

"தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"கொஞ்ச நாளா. அவரேதான் சொன்னார். சொல்லிட்டு, 'இனிமே என்னப் பாக்க வராதே, யுஸ்'னார். அதான் தாம்பாளத்தோட வந்தேன்."

"இது சின்ன விஷயமில்ல, அமாக். ஒருநாள் உங்களையே பாத்து யாருன்னு கேப்பார்."

"கேக்கட்டும். சொல்றேன். தெனம் ஒருதடவ என்னப் புதுசாப் பாப்பார்." யுஸ்னிமார் தன் பொன்னிழை முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். "எந்தப் பொண்டாட்டிக்குடி கெடைச்சிருக்கு அந்த அதிர்ஷ்டம்?"

ஆய்வுக்கூடத்தில் பயின்ற மகள் தாயைக் கட்டிக்கொண்டாள். வெளியே வயல்கள் காற்றில் சாய்ந்து எழுந்தன. இருவரும் சிரித்தார்கள்; சிரிப்பின் விளிம்பு நனைந்திருந்தது; ஆனாலும் அது சிரிப்புத்தான்.

"ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம்?" இஸ்ரில் படிக்கு வந்து நின்றார். தலைப்பாகை சரிந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது, நல்லது செய்துவிட்ட மனிதனின் பெருமிதம் அந்த முகத்தில் வழிந்தது. "உனி, நீ சொன்னது சரி. தங்கமான மனுஷன். இத்தன நாளா வீணா முறைச்சிட்டேன். அதுக்கு ஈடா ஒரு மரியாதை செஞ்சுட்டேன், பாரு!"

"என்ன செஞ்சே?"

"பாடாங்ல இருக்கற நம்ம சொந்தத்தையெல்லாம் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வரணுமில்ல? வாடகை ஓட்டுநர் எதுக்கு? நம்ம குலத்து பஸ் சாவிய மாப்ள கையிலயே குடுத்துட்டேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்பவே ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கறேன்னு பின்பக்கமா கெளம்பிட்டார். நம்ம காப்பிக்கடைப் பசங்க அத்தன பேரும் ஏறிட்டாங்க. மேட்டு வளைவு வரைக்கும் போயிட்டு வராங்களாம்."

வீட்டின் பின்புறத்திலிருந்து, நீண்டு, உற்சாகமாக, பஸ்ஸின் ஹாரன் ஒலித்தது.

யுஸ்னிமாரின் சிரிப்பு அன்று முதன்முறையாகப் பாதியில் நின்றது. மறுகணம், பட்டுப்பாவாடையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மணப்பெண் சாலையை நோக்கி ஓடினாள்.

"வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினாள். "முன்சீட்டுல எனக்கு எடம் விடுங்க!"